பயிர் செய்பவர் பெயர்

மார்ச் 3

சிட்டு,

நாலு வருஷத்துக்கு அப்புறம் உன் அண்ணன் பொண்டாட்டி எழுதுறேன். போன் பண்ணியிருக்கலாம். பாதியில நீ வெச்சுடுவே, அப்புறம் நான் சுவரைப் பார்த்துக் கத்திட்டு இருக்கணும். கடுதாசின்னா கிழிச்சுப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வரியாவது படிப்பே.

நேத்து வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். விவசாய உதவித்தொகை கேட்டு நான் போட்ட மனுவை மூணாவது தடவையா திருப்பி அனுப்பியிருந்தாங்க. "இந்த நிலத்துக்கு ஏற்கெனவே வழங்கப்படுகிறது"ன்னு ஒரு வரி. யாருக்குய்யா வழங்குறீங்கன்னு நேர்லயே கேட்டுடலாம்னு கிளம்பினேன். கேட்க வேண்டிய வேலையே இல்லாம போச்சு. புதுசா வந்திருக்கிற அதிகாரியம்மா, இதுவரைக்கும் யார் யாருக்குப் பணம் போயிருக்குன்னு வராந்தா சுவர் முழுக்க ஒட்ட வெச்சிருக்காங்க. ஜனங்க மொய்ச்சுக்கிட்டு நின்னாங்க. எனக்குப் பொடி எழுத்து தெரியாது. நம்ம கிணத்து மோட்டாரைப் பிரிச்சுப் பிரிச்சுச் சேர்ப்பாரே மெக்கானிக், அவர் பக்கத்துல நின்னார். படிச்சுச் சொல்லச் சொன்னேன்.

நம்ம நிலத்தோட சர்வே நம்பர் வந்ததும் மனுஷன் வாயை மூடிட்டார். "அக்கா, நீங்களே பாருங்க"ன்னு தன் கண்ணாடியைக் கழட்டிக் கையில குடுத்தார்.

"பயிர் செய்பவர் பெயர்"னு ஒரு கட்டம். அதுல உன் பேர். ஒரு வருஷம் இல்ல, மூணு வருஷமும்.

நீயா பயிர் செய்யறவ? சூரியகாந்தி விதையைக் கையில குடுத்தா எந்தப் பக்கம் மேல்னு கேட்கிறவளாச்சே நீ. முதல் வருஷம் ஆலங்கட்டி மழை விழுந்து பயிர் மொத்தமும் கழுத்தொடிஞ்சு கிடந்தப்போ, அடுத்த வருஷம் கிணறு வத்தி நான் லாரித் தண்ணிக்காகத் தெருமுனையில நின்னப்போ, நீ எந்த வரப்புல நின்னேன்னு சொல்லு.

வாங்கினியா, இல்லையா? ஒரே வார்த்தை. அதுக்கு மேல எழுதி மையைச் செலவழிக்க வேண்டாம்.

அண்ணி
(அப்படிக் கூப்பிட இன்னும் மனசிருந்தா)


மார்ச் 9

அண்ணிக்கு,

இல்லை.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை அதுதான். ஆனால் அத்தோடு நிறுத்த என்னால் முடியவில்லை. அண்ணன் இறந்த பிறகு நிலத்தை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? சாவு வீட்டில் கணக்குப் பார்க்க வந்தவள் என்றீர்கள், அத்தனை பேர் முன்னால். அப்படியே எழுந்து வந்தவள்தான் நான். நாலு வருஷம் கழித்து வரும் முதல் கடிதத்தில் திருடி என்கிறீர்கள். படிப்படியாக முன்னேறிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காசு நான் பார்க்கவில்லை. பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்து வாங்கும் சம்பளத்தைத் தவிர என் பெயரில் எதுவும் வருவதில்லை. என் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும்.

அந்தப் பகுதிக்குக் கள ஆய்வாளர் என் கணவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் இங்கிருந்து பஸ்ஸில் வந்து வெயிலில் நடந்து, யார் நிலத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். சிரித்தார். "எழுத்துப் பிழையா இருக்கும், திருத்தச் சொல்றேன்" என்றார். மெக்கானிக்கின் கண்ணாடியை நம்பி ஒரு குடும்பத்தின் மேல் பழி போடாதீர்கள்.

சிட்டு


மார்ச் 15

சிட்டு,

எழுத்துப் பிழையாம். எழுத்துப் பிழைக்கு உன் அப்பா பேரு தெரியுமா? பிறந்த வருஷம் தெரியுமா? நம்ம சர்வே நம்பர் தெரியுமா? அவ்வளவு விவரமான பிழையா இருந்தா அதுக்கு ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுக்கலாம்.

மெக்கானிக்கோட கண்ணாடியை நம்ப வேண்டாம், கையெழுத்தை நம்பு. அந்த வரியை அப்படியே எழுதி வாங்கி இதோட வெச்சிருக்கேன். பேங்க் கணக்கோட கடைசி நாலு எண் 6118. உன் வீட்டுல தேடிப் பாரு.

கடைசிக் கட்டத்தைப் பார்த்தியா? "நேரில் பார்த்தேன், பயிர் நிற்கிறது, பயிர் செய்பவரும் உடன் இருந்தார்." கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்ல. நீ கல்யாணத்தைப் பதிவு பண்ணினப்போ அதுக்குக் கீழேதான் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

சாவு வீட்டுல நான் சொன்னது தப்பு. அதை இந்தக் கடுதாசியில பேச மாட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சுன்னு நீ கழிச்சுடுவே.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

அலமாரியில் இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் ஒரு பாஸ்புக் இருக்கிறது. என் பெயர், என் போட்டோ, கடைசி எண் 6118. வீட்டுக் கடன் வாங்கிய சமயத்தில் அவர் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்றாக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஊரார் காகிதத்தை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கிறவள், என் பெயருக்கு மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒரு முறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

பணம் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை அதன் மேல் வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் சமையலறையை இடித்துக் கட்டினோம். கறுப்புக் கல் மேடை, இழுத்தால் சத்தமில்லாமல் வரும் இழுப்பறைகள். சம்பள அரியர்ஸ் வந்தது என்றார். வந்தவர்களுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டினேன், அண்ணி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிலம் இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பதால், நீங்கள்தான் பயிர் செய்கிறீர்கள் என்பதற்கு என் சம்மதம் வேண்டும் என்று முதல் மனு போட்டபோது ஒரு படிவம் அனுப்பினீர்கள். நீங்கள் நினைத்திருப்பதுபோல் அது தபாலில் தொலையவில்லை. கோபத்தில் நான்தான் கையெழுத்துப் போடாமல் வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நீ போட வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்" என்றார். எனக்காகப் பரிந்து பேசுகிறார் என்று நினைத்தேன்.

புகார் மட்டும் கொடுக்காதீர்கள். இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கிறது. மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். மாதா மாதம் என் சம்பளத்திலிருந்து அனுப்பிவிடுகிறேன். முதல் மாதத்துக்கு இன்று மணியார்டர் செய்திருக்கிறேன். காலில் விழச் சொன்னால் வந்து விழுகிறேன்.

சிட்டு


ஏப்ரல் 2

சிட்டு,

உன் மணியார்டரை வாங்காம திருப்பி அனுப்பிட்டேன். தபால்காரர் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பார். மோட்டார் காயில் எரிஞ்சு கிடக்கு, கைநீட்டி வாங்கத்தான் தோணுச்சு. பொய் சொல்லல.

படிவம் தொலையலைன்னு எனக்குத் தெரியும். நாத்தனார் கோபம் எந்த ஊர்ல தபால்ல தொலைஞ்சிருக்கு? அது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கிற சண்டை. எனக்கு மட்டும் நடந்ததுன்னா உன் முகத்துக்காக விட்டுத் தொலைச்சிருப்பேன். ஆனா நானும் மெக்கானிக்கும் அந்தத் தாளையெல்லாம் ஒரு நாள் முழுக்க நின்னு படிச்சோம். அதே கையெழுத்துல இன்னும் பதினோரு நிலம் இருக்கு. பயிர் செய்யறது ஒருத்தர், பேர் இன்னொருத்தர். கால்வாய்க்கரையில ஒத்தையா இருக்கிற அம்மா ரெண்டு ஆட்டையும் வித்துட்டு உரம் வாங்கினது எனக்குத் தெரியும். அந்தம்மா நிலத்துக்கு வேற யாரோ மூணு வருஷமா வாங்கியிருக்காங்க. ஏரிக்குள்ள முழுகிப்போன நிலத்துலகூடப் பயிர் நிற்குதாம். மீன் விதைச்சாங்களோ என்னவோ.

அதிகாரியம்மாவைப் பார்த்தேன். என்னைவிட வயசுல சின்னவங்க. ஃபைலை எடுத்து மேஜையில விரிச்சாங்க. உன் பேர்ல இருக்கிற ஃபைல். உள்ளே ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. சூரியகாந்திக்கு நடுவுல தலையில துண்டு கட்டிக்கிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஒரு பொம்பளை. கீழே உன் பேர்.

அது நான்தான், சிட்டு.

மனு போட்ட புதுசுல ஒரு நாள் உன் வீட்டுக்காரர் வந்தார். நீதான் பேசறதில்லையே, அவராவது வர்றாரேன்னு சோறு போட்டேன். "உங்க மனுவுக்குப் போட்டோ வேணும், பயிருக்குப் பக்கத்துல நில்லுங்க. முகம் வேண்டாம், வெயில் கண்ணுல அடிக்குது, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க"ன்னார். நானும் நல்ல பிள்ளையாத் திரும்பி நின்னேன். என் சோத்தைத் தின்னுட்டு, என் முதுகையே எனக்கு எதிர் சாட்சியா எடுத்துட்டுப் போயிருக்கார்.

இருபதாம் தேதி விசாரணை. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க வந்து சொல்லலைன்னா எல்லாம் எழுத்துப் பிழைன்னு மூடிடுவாங்களாம், அதிகாரியம்மாவே சொன்னாங்க. உன்னை நான் வரச் சொல்லலை. வர வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி,

அவரிடம் கேட்டேன். போட்டோவைப் பற்றியும் கேட்டேன்.

கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செருப்பைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கு மழை வருமா என்று கேட்கிற குரலில் பேசினார். எல்லா இடத்திலும் நடப்பதுதானாம். உன் அண்ணிக்கு என்ன தெரியும், நாலு நாள் கத்துவார், ஐந்தாம் நாள் களை எடுக்கப் போய்விடுவார் என்றார். மற்ற பதினோரு பேர் என்றேன். அந்தப் பணம் தனக்கு மட்டும் வரவில்லை, மேலே கீழே எல்லாருக்கும் போகிறது என்றார். ஏதோ ஊருக்குச் சாப்பாடு போட்டவர் போல.

நான் விசாரணைக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கையெழுத்து உன்னோடது. கணக்கு உன்னோடது. மாட்டினா முதல்ல நீதான், அப்புறம்தான் நான்" என்றார்.

அந்த வார்த்தையில் எனக்குப் புரிந்தது. இது கடன் காகிதத்தோடு தவறி வந்த ஒரு படிவம் இல்லை. என் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்லை. முன்னால் நிற்க ஓர் ஆள் வேண்டுமே.

அதற்குப் பிறகும் காலையில் அவருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தேன். கை பாட்டுக்குக் கட்டியது. என்னை நினைத்தே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இருபதாம் தேதி பற்றி நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அன்றைக்குப் பள்ளியில் ஆண்டுத் தேர்வு வேலை இருக்கிறது.

சிட்டு


ஏப்ரல் 21

சிட்டு,

நேத்து என்னோட ஒரு வார்த்தை பேசாம பஸ் ஏறிட்டே. ஓடி வந்தேன், பஸ் எடுத்துட்டான்.

நீ வர்றதுக்கு முன்னாடி நடந்தது உனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில, கையில கைக்குட்டையோட வந்தார். கூட அவர் ஆபீஸ்காரங்க ரெண்டு பேர். நாங்க பன்னெண்டு பேரும் ஜன்னல் ஓரமா நின்னோம். அவர் நிறுத்தி நிதானமாச் சொன்னார், மனைவி பேர்ல நிலத்துல பங்கு இருக்கு, மனைவிதான் ஆள் வெச்சுப் பயிர் பண்றாங்க, போட்டோ இருக்குன்னு. கேட்கிறவங்களுக்கு நம்பணும்போலதான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் நான் யாருன்னு சந்தேகம் வந்துடுச்சு. கால்வாய்க்கரை அம்மா என் காதுல, "வா போயிடலாம்"னாங்க.

அப்போதான் நீ கதவைத் தள்ளிட்டு உள்ளே வந்தே. நீ அவரைப் பார்க்கவே இல்லை, நான் பார்த்துட்டுதான் இருந்தேன். அதிகாரியம்மா போட்டோவைக் காட்டி இது நீங்களான்னு கேட்டாங்க.

"இல்ல. அது எங்க அண்ணி"ன்னே.

முகமே தெரியலையே, எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டாங்க.

"தலையில கட்டியிருக்கிறது எங்க அண்ணன் துண்டு. அந்த நிலத்துல நான் கால் வெச்சு நாலு வருஷம் ஆச்சு. இவங்க கால் எடுத்து ஒரு நாள்கூட ஆகலை. இதுதான் உண்மை, எழுதிக்குங்க"ன்னே. தட்டச்சு பண்றவரை நிறுத்தி, அவர் அடிச்சதுல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு திருத்தினே பாரு, எனக்கு அந்த நிலையிலயும் சிரிப்பு வந்துடுச்சு.

அவரை சஸ்பெண்ட் பண்ணி வெச்சுட்டாங்கன்னு சாயந்திரம் மெக்கானிக் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரும்னு நினைச்சேன், வரலை. அந்த வீட்டுக்குள்ள நீ எப்படிப் போனே, என்ன சாப்பிட்டே, ஒண்ணும் தெரியலை. எழுது.

அண்ணி


மே 8

அண்ணி,

சாப்பிட்டேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். என்னோடு ஒரே வீட்டில் இருப்பது தன் வழக்குக்கு நல்லதில்லை என்று வக்கீல் சொன்னாராம். மகள் ஹாஸ்டலிலிருந்து எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறாள். என்னிடம் சாப்பாடு, பரீட்சை தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். நேற்று வந்த நோட்டீஸ். மூன்று வருஷப் பணத்தையும் வட்டியோடு அறுபது நாளுக்குள் நான் கட்ட வேண்டும். தகுதியில்லாமல் பெற்றவர் என்று என் பெயர். நானே ஒப்புக்கொண்டுவிட்டதால் மேற்கொண்டு விசாரணை தேவையில்லையாம். அவருக்கு? பாதிச் சம்பளம் மாதா மாதம் வருகிறது, விசாரணை முடியும்வரை.

நான் வாயைத் திறந்ததற்குக் கிடைத்த ரசீது இது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எழுத்துப் பிழை என்று எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்கூட வந்திருக்கும். பணம் வேறு எத்தனை கை மாறியதோ, அந்தப் பெயர்களுக்கெல்லாம் நோட்டீஸ் இல்லை. என் வீட்டு முகவரி மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்ததா?

இதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

சிட்டு


மே 14

சிட்டு,

எதுவும் செய்ய வேண்டாமாம். நோட்டீசைப் படிச்ச நிமிஷம் எனக்கு உச்சந்தலை எரிஞ்சது. வீடு புகுந்து திருடினவனுக்குப் பாதிச் சம்பளம், கதவைத் திறந்து காட்டினவளுக்கு அபராதமா?

அன்னிக்கே கால்வாய்க்கரை அம்மாவையும் மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டு அந்தப் பதினோரு வீட்டுக்கும் நடந்தேன். உன் நோட்டீசை ரத்து பண்ணணும், கையெழுத்துப் போட்டு நிலத்தைப் பார்த்தேன்னு சொன்னவர்கிட்டதான் வசூல் பண்ணணும்னு ஒரு மனு. எல்லாரும் போட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஏழு பேர்தான் போட்டாங்க. ரெண்டு பேர், புருஷன் பொண்டாட்டி சேர்ந்து நாடகம் ஆடறாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. ஒருத்தர் பயந்தார். பால்காரர் இருக்காரே, "அவங்க சமையலறையை முதல்ல இடிக்கச் சொல்லுங்க"ன்னார். எனக்கும் கோபம் வந்தது. ஆனா அவர் பொண்ணோட படிப்பு, நீங்க அதைக் கட்டின வருஷம்தான் நின்னு போச்சு. சும்மா திரும்பி வந்தேன்.

போட்ட ஏழு பேர்ல முதல் ஆள் கால்வாய்க்கரை அம்மா. எழுதத் தெரியாது, கைநாட்டு. "அந்தப் பொண்ணு வரலைன்னா நாம இன்னும் சுவரைப் பார்த்துட்டுதான் நின்னிருப்போம்"னாங்க.

வர்ற திங்கட்கிழமை காலையில மாவட்ட ஆபீசுக்குப் போறோம். அது உன் ஊர். நீ மட்டும் வாசல்ல நிக்காதே, முதல் ஆளா எங்களோட உள்ளே வரணும். மனுவை நீயே தட்டச்சு பண்ணி எடுத்துட்டு வா. மெக்கானிக் எழுதியிருக்கிறதைப் படிச்சா அதிகாரி மோட்டார் ரிப்பேர் பில்லுன்னு நினைச்சுக்குவார்.

உன் வீட்டுலதான் வந்து தங்குவேன். சாவு வீட்டுல அன்னிக்கு நான் பேசினதுக்கு நேர்ல மன்னிப்புக் கேட்கணும். அதைத் தபால்ல அனுப்ப எனக்கு இஷ்டமில்லை.

அண்ணி


ஜூலை 2

அண்ணி,

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. அசல் பணத்தை அவர் சம்பளத்தில் பிடிக்கப்போகிறார்கள். வட்டியை மட்டும் நான் கட்ட வேண்டுமாம். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்காததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு குமாஸ்தா எனக்கு உபதேசம் செய்தார். அவருடைய கடிதத்தில் மூன்று பிழைகள் இருந்தன. சிவப்பு மையில் திருத்தி, மேல்முறையீட்டோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் நிலத்துக்கு இந்தப் பருவத்துப் பணம் வந்துவிட்டது என்று மெக்கானிக் போன் செய்து சொன்னார். உங்களையும் கால்வாய்க்கரை அம்மாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு வந்திருக்கிறது, இன்னும் ஏழு பேருக்கு வரவில்லை. பால்காரருக்கும் வரவில்லை. அவர் மனுவில் கையெழுத்துப் போடாதவர் என்பதால் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு நேற்று அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். எத்தனையாவது மாடி என்று கேட்டேன். என்னைப் பார்த்தாலே இப்போது அங்கே எல்லாரும் டீ குடிக்க எழுந்து போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மீதிச் சட்டைகளை எடுக்க. இளைத்திருக்கிறார். நான் சமையலறையில் இருந்தேன், அவர் உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றபடி பேசினார். இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையை ஒரு நாளில் கிழித்துப் போட்டுவிட்டாய் என்றார். ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்றார். நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன். அழுதேன் என்று நினைத்திருப்பார். பாதி அதுவும்தான்.

போகிற சமயத்தில் கேட்டார், "இப்போ உனக்குத் திருப்திதானே?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"இல்ல. இன்னும் ஏழு பேருக்கு வரலை."

உங்கள்
சிட்டு